பழைய புல்லட்டின் புது வளையங்கள்

திருவொற்றியூரில் உருவான பழைய 350 புல்லட் ஒன்று நீலப்புகை கக்கத் தொடங்குமாயின், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எண்ணெய் எரியறைக்குள் ஏறுகிறது என்பதே பெரும்பாலும் அதன் அர்த்தம். ஹெட்டைக் கழற்றி, வார்ப்பிரும்புச் சிலிண்டரை மெல்ல உருவியெடுத்து, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள அக்குழலின் உட்சுவரில் விரல்நகத்தை ஓட்டிப் பார்க்கும் அனுபவசாலியான மெக்கானிக், மேல்விளிம்பருகே ஒரு நுண்ணிய படி இடறியதுமே, அளவுமானி பின்னர் சொல்லவிருப்பதை முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறார்.

லேத் பட்டறையில் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு இடம் செய்தபின், ஹோனிங் கல் அச்சுவரில் வரைந்துவிடும் குறுக்குக்கோடுகளே என் மனத்தை மிகவும் கவர்பவை. கண்ணாடிபோல் வழவழத்த சுவரில் எண்ணெய் தங்காதாகையால், இந்தச் சூட்சுமமான கீறல்களே அதனை ஏந்திநின்று உலோகத்தை ரட்சிக்கின்றன.

வெப்பத்தில் விரிவதற்கென ஒவ்வொரு வளையத்தின் வாயிலும் விடப்படும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, அவ்வாய்கள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமையாதவாறு திருப்பிவைப்பதில் எத்தனை நிதானம்! புது வளையங்கள் சுவரோடு இசைந்து பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டருக்கேனும், அன்பர்களே, வண்டியை விரட்டாதீர்கள்.