மூவாயிரம் ரூபாயில் முளைத்த மூளை

யாராவது "ஸ்மார்ட் டிவி வாங்கலாம்னு இருக்கோம்" என்று வாயைத் திறந்தால் போதும், அவர்கள் வீட்டு டிவியின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க நான் கிளம்பிவிடுகிறேன். இதற்காகவே வீட்டில் எனக்குக் 'குச்சிச் சாமியார்' என்று பட்டம் சூட்டியிருக்கிறார்கள். சூட்டட்டும். நான் அடைந்த பரவசத்தை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இருப்பது 32 இஞ்ச் எல்.சி.டி. டிவி. தம்பி கல்யாணத்துக்கு முன் வாங்கியது. படம் இன்றைக்கும் பளிச்சென்றுதான் இருக்கிறது. இன்டர்நெட் தெரியாது என்பது ஒன்றுதான் அதன் குறை. கடையில் விசாரித்தால், எக்ஸ்சேஞ்சில் ஏதோ சில நூறு ரூபாய் கழித்துக்கொண்டு புது டிவியைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். கண் நன்றாகத் தெரிகிற ஆளைக் காது கேட்கவில்லை என்று வீட்டை விட்டு அனுப்புவார்களா? காதுக்கு ஒரு மெஷின் மாட்டினால் போயிற்று!

அந்த மெஷின்தான் ஸ்டிக். 2013இல் கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டை விட்டது. அடுத்த ஆண்டே அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக்கோடு வந்தது. அது 2017இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 3,999 ரூபாய். நான் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து மூவாயிரத்துக்குள் முடித்துவிட்டேன். பெட்டியைத் திறந்தால் விரல் நீளத்தில் ஒரு கறுப்புத் துண்டு, குட்டி ரிமோட், சார்ஜர், கையளவு ஒரு இணைப்பு வயர். இவ்வளவுதானா என்றிருந்தது. டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி, கரண்ட் கொடுத்து, ரிமோட்டில் 'சோர்ஸ்' மாற்றியதும் திரையில் வெளிச்சம் வந்தது. வைஃபை பாஸ்வேர்டை அம்புக்குறி பட்டனால் எழுத்து எழுத்தாகத் தட்டுவதுதான் ஒரே வேதனை. எங்கள் பாஸ்வேர்டை வைத்தவள் மகள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஆச்சரியக்குறி என்று அந்தக் கழுதை எதையும் விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கொண்டாட்டம். போனில் யூடியூபைத் திறந்து தமிழிலேயே 'வாரியார் கந்தபுராணம்' என்று தட்டினேன். மேலே தெரிகிற காஸ்ட் பட்டனை அமுக்கியதும் கிருபானந்த வாரியாரின் குரல் கூடத்தை நிறைத்தது. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றுவிட்டார். "ஏண்டா, இதெல்லாம் இதுக்குள்ளயே இருந்துச்சா?" அன்றைக்கு ரசம் பொங்கி வழிந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது சீரியலுக்கும் சொற்பொழிவுக்கும்தான் வீட்டில் போட்டி. சொற்பொழிவு ஜெயிக்கிறது!

ராத்திரி விஷயம் இதைவிட இனிப்பு. ஸ்டிக்கில் புளூடூத் இருக்கிறது. காதில் மாட்டும் ஹெட்போனை அதோடு இணைத்துவிட்டால், வீடே தூங்கும்போது நான் மட்டும் இங்கிலாந்தில் நடக்கிற கிரிக்கெட்டை முழுச் சத்தத்தில் பார்க்கிறேன். நான் கத்தாமல் இருந்தால் போதும்.

வாங்குகிறவர்களுக்குச் சில நுணுக்கங்கள். டிவியிலேயே யு.எஸ்.பி. இருக்கிறதே என்று ஸ்டிக்குக்கு அதில் கரண்ட் எடுக்காதீர்கள். பழைய டிவிகளின் யு.எஸ்.பி. பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்கின் சார்ஜர் ஒரு ஆம்பியர். பற்றாக்குறை வந்தால் படம் ஓடும்போதே அணைந்து அணைந்து எரியும். கூடவே வருகிற குட்டி வயரையும் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டிக்கை டிவியின் முதுகிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் வைஃபை நன்றாகப் பிடிக்கும். இருக்கிற ஒரே எச்.டி.எம்.ஐ. துளையில் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருந்தால், அதைச் சிவப்பு-வெள்ளை-மஞ்சள் வயருக்கு மாற்றிவிடுங்கள். டிவி செட்டிங்கில் சி.இ.சி. என்று ஒன்று ஒளிந்திருக்கும். சாம்சங்கில் அதற்கு 'எனிநெட் பிளஸ்' என்று பெயர், எல்.ஜி.யில் 'சிம்ப்லிங்க்'. அதை ஆன் செய்தால் ஸ்டிக் ரிமோட்டைத் தொட்டதுமே டிவியும் விழித்துக்கொள்ளும். அந்த வசதியைக் கண்டுபிடித்த அன்று நான் வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாரும் கைதட்டவில்லை.

இன்னும் மலிவாகப் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் கிடைக்கும். 'ஆயிரம் சேனல் இலவசம்' என்பார்கள். பக்கத்திலேயே போகாதீர்கள். அப்படிப்பட்ட சில பாக்ஸ்களில் விற்பனைக்கு வரும்போதே வைரஸ் ஏற்றப்பட்டிருந்ததை 2023இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலவற்றில் ஓடாது, ஓடினாலும் மங்கலாகத்தான் ஓடும். சந்தாப் பணம் எந்தக் கருவி வாங்கினாலும் தனிதான். எங்கள் வீட்டில் பாதி நேரம் யூடியூப்தான், அதற்குச் சந்தா தேவையில்லை.

என் பரவசத்தின் உச்சம் பெரியம்மா வீட்டில். அங்கே இன்னும் உயிரோடு இருப்பது கலைஞர் ஆட்சியில் 2006இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவச 14 இஞ்ச் கலர் டிவி. எச்.டி.எம்.ஐ. என்ற பேச்சே கிடையாது. சில நூறு ரூபாய்க்கு எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. அதன் பக்கவாட்டுச் சுவிட்சைப் 'பால்' (PAL) பக்கம் தள்ளி, மஞ்சளைப் படத்துக்கும் வெள்ளையைச் சத்தத்துக்கும் செருகி, என் போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்ததும் அந்தக் குண்டு டிவியில் யூடியூப் வந்தது! எழுத்துகள் பொடிப்பொடியாகத்தான் தெரிந்தன. திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு இருப்பதால் சில ஆப்கள் இப்படிப்பட்ட பெட்டியில் கறுப்புத் திரை காட்டக்கூடும். பெரியம்மாவுக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' தெரிந்தது, அது போதும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான்: ஏற்கெனவே நல்ல திரை இருக்கும்போது ஸ்மார்ட் டிவி வாங்குவது வீண்செலவு. ஸ்மார்ட் டிவியிலும் திரைக்கு முந்தி மூளைதான் மூப்படையும். ஆப்கள் கனமாகும், அப்டேட் நின்றுபோகும். அப்போது ஸ்டிக் என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே கடைக்குக் கிளம்புமுன் டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் டிவிக்குப் பின்னால் ஒருமுறை பாருங்கள். எச்.டி.எம்.ஐ. என்று எழுதிய துளை கண்ணில் பட்டால், அடுத்த தள்ளுபடி வரை பொறுத்திருங்கள்.