அடுத்த கோடைக்கான குறிப்பு

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது. மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அதன் ஊறுகாய்ப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். வாயெல்லாம் புண், துளி உப்புப் பட்டாலும் எரியும். ஆனாலும் அந்த வாசிப்பில் மகிழ்ச்சி இருந்தது. மருத்துவமனையில் என் காலம் 21 நாள் தவணைகளாகச் சுருங்கியிருந்தது. ஊறுகாய்க் குறிப்போ அடுத்த கோடையிலும் இருக்கப்போகிறவளிடம் பேசுகிறது. அளவு சொல்கிறது, ஆறுதல் சொல்வதில்லை. சமையல் நூல்களை இலக்கியத்துக்கு வெளியே நிறுத்திய நம் விமர்சனம் இந்தக் குரலைப் பெரும்பாலும் கேட்டதில்லை.

ஆனால் இது ஒரு சாதியின் சைவ அடுக்களை. என் அம்மா உப்பிட்டு உலர்த்திய கருவாட்டுக்கு அங்கே இடமில்லை. கடைசிப் பக்கத்தின் வெற்றிடத்தில் நானே எழுதிச் சேர்த்தேன்: மீன், உப்பு, எத்தனை நாள் வெயில்.