அலெக்ஸின் பாடசாலை

அதிபுத்திசாலியான கிளியைப் பொறுக்கி எடுத்தாரென்று பிறர் குறைகூறாதிருக்கும் பொருட்டு, ஏதேனும் ஒன்றைப் பிடித்துத் தரும்படி கடைச் சிப்பந்தியிடமே சொல்லி, 1977-இல் சிகாகோவில் ஆராய்ச்சியாளர் ஐரீன் பெப்பர்பெர்க் அம்மையார் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியாகிய அலெக்ஸுக்கு வித்தை பயிற்றிய விதம் என் மனத்துக்கு மிகவும் உவப்பானது. ஒரே சொல்லை ஓயாமல் ஓதிக்காட்டும் வழக்கத்தை விடுத்து, இரண்டு மனிதர் அதன் கண்ணெதிரே அமர்ந்து, ஒருவர் ஒரு பொருளைக் காட்டி வினவ, மற்றவர் சரியாக விடையளித்து அப்பொருளையே பெற்று மகிழ்வதும், பிழைத்தால் கடிந்துகொள்ளப்படுவதுமாக நடிக்க, அந்தச் சம்பாஷணையில் தனக்குப் பங்கில்லையே என்ற பொறாமையால் கிளியும் இடையே புகுந்து பேசத் துணிந்தது. (பொறாமையைக் குருவாகக் கொள்வது பறவைகள் மாத்திரந்தானா என்பது வேறு விஷயம்.) இதில் நான் பெரிதும் ரசிப்பது பரிசின் நுட்பத்தை: காகிதமென்று சொன்னால் கிடைப்பது காகிதந்தான், அதை அலகால் கிழித்து மகிழும்போதே சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள சம்பந்தம் நன்கு பதிந்துவிடும். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் இவ்வாறே கைவந்தன. சலிப்புற்றால் கூண்டுக்குத் திரும்ப வேண்டுமென்று கேட்டுப் பாடத்தை நிறுத்தும் சாமர்த்தியமும் அதற்கு இருந்தது. 2007-இல் மறையும் வரை முப்பது வருஷம் நீடித்த அச்சிநேகத்தில் அதற்கு உபாத்தியாயர் மிடுக்கே வந்துவிட்டது போலும். பின்னால் வந்த இளைய கிளி உளறினால், தெளிவாகப் பேசென்று அதட்டுமாம்.