இரண்டு வரித் திரை

மடிக்கணினியும் செல்பேசியும் வைத்திருக்கும் பொறியியல் மாணவருக்கு கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் போன்ற சயின்டிஃபிக் கால்குலேட்டர் இன்னும் எதற்கு? தேர்வு அறையில் செல்பேசிக்கு இடமில்லை என்பது பாதி பதில்தான். மீதி அந்தக் கால்குலேட்டரின் திரையில் இருக்கிறது. 1972இல் 395 டாலருக்கு வந்த எச்பி-35, கையடக்க சயின்டிஃபிக் கால்குலேட்டர்களின் முன்னோடி. அதில் எண் மட்டுமே தெரியும். கேசியோவிலோ மேல் வரியில் நாம் அடித்த கோவை, கீழ் வரியில் விடை. விடை பொருந்தவில்லையென்றால் அம்புக்குறியை அழுத்திப் பின்னே போய், விட்டுப்போன அடைப்புக்குறியை மட்டும் சேர்த்தால் போதும். தவறைக் கண்ணால் பார்த்துத் திருத்தவிடும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

கால்குலேட்டரால் மூளை மழுங்கும் என்பார்கள். மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளை அது நொடியில் தீர்ப்பது உண்மைதான். அந்தச் சமன்பாடுகளை அமைப்பது மாணவரின் வேலை. ரேடியன் நிலையில் சைன் 30 என்று அடித்தால் 0.5 வராது, −0.988 வரும். கேட்டதற்குக் கருவி விடை தந்துவிட்டது. அரை வரவேண்டும் என்று அறிந்தவருக்குத்தான் பிழை தெரியும். செல்பேசிச் செயலியும் இவ்வளவையும் செய்யும், ஆனால் நடுவில் அறிவிப்புகள் வந்து கவனத்தைப் பிடுங்கும். சூரிய ஒளித் தகடும் சிறு பொத்தான் பேட்டரியும் கொண்ட இது கணக்கைத் தவிர வேறெதையும் காட்டாது.

முதலாண்டு மாணவர்களே, படிப்பு முடித்துப் போகும் சீனியரிடமிருந்தே இதை வாங்கிக்கொள்ளலாம். கணக்கைத் தொடங்குமுன் திரையில் ‘டி’ என்ற டிகிரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.