ஓவனில் வெந்த மதர்போர்டு

உயிர்போன லேப்டாப்பின் மதர்போர்டைக் கழற்றி ஓவனில் எட்டு நிமிடம் சூடாக்கினால் மறுபடி டிஸ்பிளே வரும் என்றால் நம்பத் தோன்றாது. ஆனால் பலருக்கு வந்தது. எச்பி டிவி6000, டெல் எக்ஸ்பிஎஸ் எம்1330 போன்ற 2007-ஐ ஒட்டிய மாடல்களில் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். வாரண்டி முடிந்திருந்தால் போர்டையே மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம். குப்பைக்குப் போகிற பொருள்தானே என்று துணிந்தார்கள். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஹீட்சிங்க், சிமாஸ் பேட்டரி, பிளாஸ்டிக் துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அலுமினியத் தாளை உருண்டையாக்கிக் கால் கொடுத்து, கிராபிக்ஸ் சிப் மேலே பார்க்கும்படி போர்டை வைப்பார்கள். வெப்பம் சுமார் 200 டிகிரி. பிறகு கதவைத் திறந்துவிட்டு, அசைக்காமல் ஆறவிட வேண்டும்.

சிப்புக்கு அடியில் விரிசல் விட்ட ஈயப்பற்று உருகி ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். கணக்கு இடிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையில் ஈயத்துக்குத் தடை போட்டபின் பரவலான ஈயமில்லாப் பற்று உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். பழுதும் அங்கே இல்லை. சிப்பின் உள்ளேயே, சிலிக்கானை அதன் அடித்தட்டோடு இணைக்கும் நுண்புள்ளிகளில் இருந்தது. சிப்பை உறையிடும் பொருளில் பலவீனம் என்று, அதைத் தயாரித்த என்விடியாவே 2008 ஜூலையில் ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. அந்தப் புள்ளிகள் உருக 300 டிகிரியாவது வேண்டும். ஓவன் செய்வது இவ்வளவுதான்: சூட்டில் விரிந்து, உடைந்த முனைகள் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்கின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி கறுப்புத் திரை. காசு வாங்கிக்கொண்டு ஹாட் ஏர் மெஷினில் சிப்பைக் கழற்றி, அடியில் புதுப் பற்று வைத்துப் பொருத்தும் ரீபாலும் இந்தப் பழுதுக்கு இதே கதிதான்; பழைய சிப்பையே திரும்ப வைத்து என்ன பயன்? போர்டு வெந்த ஓவனில் பிறகு கேக் சுடவும் கூடாது.

எனக்கு இதைவிடப் பெரிய குறை, டிஸ்பிளே வந்த மறுநாளே அந்த லேப்டாப்பை விற்றுவிடுவது. வாங்குகிறவர் பெரும்பாலும் கையில் காசு குறைந்த மாணவர்.

ஓவனைவிட நாணய வைத்தியத்தை நான் உயர்வாக நினைக்கிறேன். அந்த எச்பி மாடல்களில் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடித்த பேட் ஒன்று இருந்தது. சூடு சரியாகக் கடக்காது. அமெரிக்காவில் சிலர் அதை எடுத்துவிட்டு ஒரு சென்ட் நாணயத்தைத் தேய்த்து, பேஸ்ட் தடவி வைத்தார்கள். 1982-க்கு முந்தைய நாணயத்தையே தேடினார்கள். அதில் 95 சதவீதம் செம்பு. பின்னால் வந்தது செம்புப் பூச்சுள்ள துத்தநாகம். செம்பு அதைவிட மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். தடிமன் தவறினால் சிப் நொறுங்கும், உடைந்த புள்ளியை இது ஒட்டவும் செய்யாது. ஆனால் உடையாத சிப்புக்கு ஆயுள் கூட்டும். காரணம் அறிந்து செய்த வேலை இது.

இத்தகைய கைவைத்தியங்களில், பேட்டரியைப் பிரித்து செல் மாற்றுவதை மட்டும் வீட்டில் செய்யவே வேண்டாம். லித்தியம் செல்லின் மேல் நேராக சால்டரிங் அயர்ன் வைத்தால் தீப்பிடிக்கலாம்.

போன மாதம் தங்கை மகனின் லேப்டாப் இரைந்துகொண்டு சூடாகி அணைந்தது. திறந்து பார்த்தால் விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே கம்பளித் துண்டு போலத் தூசி. விரலால் பிடித்து இழுத்தேன், முழுசாக வந்தது. பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துப் புதுசு தடவி மூடினோம். இரைச்சல் அடங்கிவிட்டது. மூடும்போது கடைசித் திருகை அவனே முடுக்கினான்.