எவ்வளவு ஏர் குடிக்கும்?

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் டூல்ஸ் கடையில் போய் ஏர் டை கிரைண்டர் கேட்டால், கடைக்காரர் முதலில் சொல்வது ஆர்பிஎம் கணக்கைத்தான். இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற பெயர் தெரியாத மெஷினின் பெட்டியிலும் 25,000 என்று போட்டிருக்கிறது. ஐந்தாறு மடங்கு விலை வைத்திருக்கும் இங்கர்சால் ராண்ட், சிகாகோ நியூமேட்டிக், அட்லஸ் காப்கோ வகையறாக்களும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் போடுகின்றன. மலிவு ரகத்தில் ஒன்று, விலை கூடியதில் ஒன்று என்று இரண்டையும் வாரக்கணக்கில் பட்டறையில் மாற்றி மாற்றி ஓட்டியாகிவிட்டது. எஸ்எஸ் கைப்பிடி வெல்டிங்கைத் தேய்ப்பது, பைப்பின் உள்வாயைப் பர் போட்டுச் சுத்தம் செய்வது எல்லாம் இரண்டிலும் நடந்தது. இப்போது யாராவது கேட்டால் ஆர்பிஎம்மைப் பற்றி நான் பேசுவதே இல்லை. எவ்வளவு ஏர் குடிக்கும் என்று கேளுங்கள் என்கிறேன்.

அதையும் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்டியில் 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 4 கன அடி காற்று) என்று இருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் ‘சராசரி’ என்றிருக்கும். இந்தச் சராசரியைப் பல கம்பெனிகள் போடுகிற விதம் இதுதான்: நிமிடத்தில் 15 விநாடி மட்டும் லிவரை அழுத்துகிறோம், மீதி முக்கால் நிமிடம் மெஷின் சும்மா இருக்கிறது. வெல்டிங் மேட்டைத் தேய்க்கிறவன் நிமிடத்துக்கு 15 விநாடியா தேய்ப்பான்? விடாமல் ஓட்டினால் அந்த 4 என்பது 16. வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது 2 எச்பி கம்ப்ரஸர். அது உள்ளே இழுக்கிற காற்றே 7, 8 சிஎஃப்எம்தான். வெளியே தருவது அதற்கும் குறைவு. 4 என்று படித்து நம்பி வாங்கிக்கொண்டு போகிறவர், இரண்டு நிமிடத்தில் மெஷின் இழுக்காமல் திணறுவதைப் பார்த்துவிட்டு மெஷினைக் குறை சொல்கிறார். ஓடும்போது எவ்வளவு வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுவதற்கு என்ன தடை? எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

கணக்கை நாமே எடுத்துவிடலாம். டேங்க் 160 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 பார் வரை நிரப்பி கம்ப்ரஸரை நிறுத்துங்கள். ரெகுலேட்டரை 90 பிஎஸ்ஐக்கு வைத்து, பர் மாட்டாமல் கிரைண்டரை ஓட விடுங்கள். கேஜ் முள் 8லிருந்து 6.5க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஒன்றரை பார் இறங்கினால் 240 லிட்டர் காற்று போயிருக்கிறது. அரை நிமிடத்தில் இறங்கினால் நிமிடத்துக்கு 480 லிட்டர், அதாவது சுமார் 17 சிஎஃப்எம். விலை கூடிய மெஷின் எனக்கு இந்தக் கணக்கில்தான் வந்தது. மலிவு மெஷினில் முள் இருபது விநாடியைக் கொஞ்சம் தாண்டியதுமே 6.5ஐத் தொட்டுவிட்டது. கிட்டத்தட்ட 23 சிஎஃப்எம். எங்களுடையது 5 எச்பி. 1960இல் கோயம்புத்தூரில் தொடங்கிய எல்ஜியின் கம்ப்ரஸர். அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, அது இதுவரை ஏமாற்றியதில்லை. ஆனால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறதே. “அண்ணாச்சி, இத ஓட்டினா கம்ப்ரஸரு நிக்கவே மாட்டேங்கு” என்று பட்டறைப் பையன் முதல் நாளே சொல்லிவிட்டான்.

ஏன் இப்படிக் குடிக்கிறது? மெஷினைத் திறந்தால் தெரிந்துவிடும். உள்ளே ஒரு சிலிண்டர், அதற்குள் மையம் விலகி உட்கார்ந்திருக்கும் ரோட்டார். ரோட்டாரில் வெட்டிய காடிகளில் மெல்லிய பட்டைகள், வேன் என்பார்கள். சுழலும்போது அவை வெளியே தள்ளப்பட்டு சிலிண்டர் சுவரை ஒட்டிக்கொள்ளும், காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போகும். ரோட்டாருக்கும் இரண்டு பக்கத் தட்டுகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நூலளவு கூடினாலும், காற்று வேலை எதுவும் செய்யாமல் அந்த வழியே நழுவிவிடும். அந்த இடைவெளியைக் குறைத்துக் கடைவதற்குத்தான் விலை. இரண்டு மெஷினும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருப்பது அதனால்தான்.

காற்றுச் செலவு என்றால் முதலில் கரண்ட் செலவு. 5 எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் சுமார் 4 யூனிட். இதே வேலையைச் செய்யும் எலெக்ட்ரிக் ஸ்ட்ரெயிட் கிரைண்டர் அரை யூனிட்டில் முடித்துவிடும். அப்படியிருந்தும் ஏர் மெஷினை நான் விடமாட்டேன். எடை அரைக் கிலோவை ஒட்டித்தான், நாள் முழுக்கப் பிடித்தாலும் மணிக்கட்டு தாங்கும். பர் மாட்டிக்கொண்டு நின்றாலும் மோட்டார் புகையாது.

கரண்டை விடப் பெரிய சங்கதி தண்ணீர். நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. மழை நாளில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கிறது. அதை 7 பாருக்கு அமுக்கி ஆறவிட்டால், ஈரத் துணியை முறுக்கின மாதிரி 20 கிராம் தண்ணீர் வெளியே வந்துவிடும். 16 சிஎஃப்எம் குடிக்கும் மெஷினை ஒரு மணி நேரம் அழுத்திப் பிடித்தால் 27 கன மீட்டர் காற்று. அதிலிருந்து வரும் தண்ணீர் அரை லிட்டருக்கு மேல். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடினால் டேங்க் ஆறும். தண்ணீர் டேங்கின் அடியில் தங்கும், சாயங்காலம் வால்வைத் திறந்து விட்டுவிடலாம். நிற்காமல் ஓடினால் டேங்க் கொதிக்கும். தண்ணீர் ஆவியாகவே ஹோஸுக்குள் போய் அங்கே குளிர்ந்து, நேராக மெஷினுக்குள் இறங்கும். ஏர் அதிகம் குடிக்கிற மெஷின் தனக்கான துருவைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டுத் திங்கட்கிழமை காலையில் லிவரை அழுத்தினால் வேன் காடிக்குள் பிடித்துக்கொண்டு, மெஷின் சீறுமே தவிரச் சுற்றாது.

தண்ணீரைத் தடுக்க ஃபில்டர் வேண்டும். அதோடு தினமும் இரண்டு சொட்டு ஏர் டூல் ஆயில். எஞ்சின் ஆயில் ஊற்றினால் பிசினாக ஒட்டும். எங்கள் ஊரில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய், அதையும் ஊற்றுகிறார்கள். தயவு செய்து வேண்டாம். உள்ளே காற்று விரியும்போது மெஷின் சில்லிட்டுப் போகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற சாமான். மார்கழிக் காலையில் குப்பியில் பார்க்கிற அதே வெள்ளைக் கட்டி வேன் காடிக்குள் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபில்டரும் ஆயிலும் வைத்த பிறகு மலிவு மெஷின் நான் நினைத்ததைவிட நன்றாகவே உழைத்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இவை இல்லாமல் ஓட்டினால் விலை கூடியதும் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு வேன் செட் தனியாக வாங்கலாம், அரை மணியில் மாற்றிவிடலாம். மலிவு மெஷினுக்கு உதிரி பாகம் என்று கேட்டால் புது மெஷினை எடுத்து நீட்டுகிறார்கள்.

விலை கூடியதிலும் ஓர் எரிச்சல் உண்டு. அமெரிக்க மாடல்கள் பர்ரின் தண்டைப் பிடிக்கும் காலெட்டைக் கால் இன்ச்சில் போட்டு வருகின்றன, அதாவது 6.35 மில்லி. நம் கடைகளில் கிடைக்கும் கார்பைடு பர்ரின் தண்டு பெரும்பாலும் 6 மில்லி. இறுக்கினால் பிடிப்பது போலத்தான் இருக்கும், ஓட்டினால் ஆடும். பர்ரின் பல் ஒரே பக்கம் அடிபட்டு உடையும். இருபதாயிரத்துக்கு மேல் சுற்றும்போது தண்டு நழுவினால் எங்கே போய்க் குத்தும் என்று சொல்ல முடியாது. 6 மில்லி காலெட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. மலிவு மெஷின்காரன் 6 மில்லியும் 3 மில்லியும் பெட்டியிலேயே போட்டுத் தருகிறான். ஆனால் சரியான காலெட் போட்ட பிறகு, விலை கூடிய மெஷினில் பர் கோடு போட்டாற்போல் நிற்கிறது. மலிவில் எந்தக் காலெட் போட்டாலும் ஓர் ஆட்டம் கையில் தெரிகிறது.

எப்போதாவது பத்து நிமிடம் தேய்க்கிறவர்கள் மலிவையே வாங்கலாம், மிச்சப் பணத்துக்கு ஃபில்டரும் 10 மில்லி ஹோஸும் வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் மணிக்கணக்கில் பிடிக்கிறவர்களுக்கு விலை கூடியதுதான். வேன் செட்டும் 6 மில்லி காலெட்டும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள். வடசேரியின் கோயில் நகை வேலைக்கு இரண்டுமே ஆகாது, அது வேறு கை, வேறு கருவி.

மயிலாடியில் சிலை செதுக்குகிறவர்கள் ஏர் மெஷினைப் பற்றி அவசியம் யோசிக்க வேண்டும். கல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசி வெகுவாக அடங்கும். கையில் கரண்ட் மெஷினோடு தண்ணீர் விட யாருக்கும் பயமாக இருக்கும், ஏர் மெஷினில் அந்தப் பயம் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது ஒன்று: கழிவுக் காற்று பின்பக்கம் போக வேண்டும். என்னிடம் உள்ள மலிவு மெஷின் அதை முன்பக்கம், பர்ரை ஒட்டியே விடுகிறது, தூசியை அப்படியே முகத்துக்குக் கிளப்பிவிடுகிறது. அந்த ரகம் எவ்வளவு குறைந்த விலைக்கு வந்தாலும் கல் வேலைக்கு வாங்காதீர்கள்.