ஒரே நாளில் நிறுத்திய குளிசை: பார்பரா கோர்டனின் தன்வரலாறு குறித்து

நோயிலிருந்து மீண்டவர்கள் எழுதும் நூல்களை நாம் பெரும்பாலும் மரியாதையோடு வாசித்து, மரியாதையோடு மூடி வைத்துவிடுகிறோம். பட்டவரின் வலியை விமர்சிப்பது அநாகரிகம் என்றொரு தயக்கம் நமக்குள் இருக்கிறது. பட்டதை மறுக்க எவருக்கும் உரிமையில்லைதான். ஆனால் பட்டதை எப்படிச் சொன்னார், எதைக் காரணமாக்கினார், எதைக் கண்டும் காணாமல் கடந்து போனார் என்பவை எழுத்தின் விடயங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் விவரணப் படங்களைத் தயாரித்தவரும், அதற்காக எமி விருதுகள் பெற்றவருமான பார்பரா கோர்டன் 1979இல் வெளியிட்ட 'ஐ ஆம் டான்சிங் அஸ் ஃபாஸ்ட் அஸ் ஐ கான்' என்ற தன்வரலாற்றை அந்த வகையில்தான் இங்கு அணுகுகிறேன். 'என்னால் இயன்ற வேகத்தில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். வெளிவந்த காலத்தில் பெருமளவில் விற்பனையான நூல் இது.

நூலின் சங்கதி சுருக்கமானது. நியூயோர்க்கில் வெற்றிகரமாக வாழும் ஒரு பெண். முதுகுவலிக்கென்று தொடங்கிய வேலியம் குளிசை பின்னர் பதகளிப்புக்கு உரியதாகிறது. நாளொன்றுக்கு 30 மில்லிகிராம்வரை ஏறுகிறது. அது பழக்கத்துக்குள் தள்ளாத மருந்து என்று உளமருத்துவர் உறுதி சொல்லியிருக்கிறார். ஒருநாள் இனி வேண்டாம் என்று அவர் தீர்மானிக்கிறார். அப்படியானால் முற்றாக விட்டுவிடு, ஒன்றுகூடப் போடாதே என்பதுதான் வைத்தியரின் ஆலோசனை. படிப்படியாகக் குறைப்பது பற்றிய பேச்சே இல்லை. அதன்பின் வீட்டுக்குள்ளேயே சிதைந்துபோகிறார். கூட வாழ்ந்த ஆண் முதலில் பராமரிக்கிறான், பிறகு அடைத்து வைத்து அடிக்கிறான். பின்னர் மனநோய் வைத்தியசாலைகள். கடைசியில் மெல்ல மீளுதல்.

இந்நூலின் முதற் பகுதியை நான் மிகவும் மதிக்கிறேன். போதைப்பொருள் பற்றிய எழுத்துக்கள் நமக்குப் பழக்கப்படுத்தியிருக்கும் இருட்டுச் சந்துகள், ஊசிகள், களவுகள் எவையும் இங்கில்லை. கைப்பையில் ஒரு சிறு போத்தல், வைத்தியர் எழுதித் தந்த துண்டு, பார்மசியில் வரிசை, அவ்வளவுதான். கூட்டத்துக்குப் போக முன்னர் ஒன்று, விமானம் ஏற முன்னர் ஒன்று. மயக்கமோ கிறக்கமோ தேடிப் போடப்படும் குளிசை அல்ல இது. மற்றவர்களைப்போல நடமாடுவதற்காகப் போடப்படுகிறது. கண்ணியமான ஒருத்தியின் கண்ணியத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஊன்றுகோலாக அது மாறுவதைக் கோர்டன் ஆரவாரமில்லாமல் எழுதிச் செல்கிறார்.

இவ்விடத்தில் தமிழில் எழுதுபவனுக்கு ஒரு சங்கடம் வந்து சேர்கிறது. 'போதைக்கு அடிமை' என்பதுதான் நம் கையில் தயாராக இருக்கும் சொற்சேர்க்கை. இப்பெண்ணுக்குப் போதையும் இல்லை, 'அடிமை' என்ற சொல் சுமந்துவரும் ஒழுக்கக் குற்றமும் இல்லை. 'தங்கியிருத்தல்' என்று பாடநூற் தமிழ் சொல்கிறது. அது உறவினர் வீட்டில் இரண்டு நாள் நிற்பதைப் போல ஒலிக்கிறது. 'குளிசை போடாட்டி நித்திரை வராது' என்று வயதானவர்கள் சொல்வார்களே, அந்த வாக்கியம்தான் விடயத்துக்கு மிக அருகில் நிற்கிறது. சொல் இல்லாத நோய்க்கு அனுதாபமும் கிடைப்பதில்லை என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஹொஃப்மன் லா ரோச் கம்பனியின் இரசாயனவியலாளர் லியோ ஸ்டேர்ன்பாக் நியூஜேர்சியின் நட்லியிலிருந்த ஆய்வுகூடத்தில் உருவாக்கிய சேர்வைகளில் லிப்ரியம் 1960இல் சந்தைக்கு வந்தது, வேலியம் 1963இல் வந்தது. அதற்கு முன்பிருந்த பார்பிற்றியூரேற் மருந்துகள் அளவு மிஞ்சினால் ஆளையே கொன்றுவிடக்கூடியவை. அவற்றோடு ஒப்பிட இவை பாதுகாப்பானவையாகத் தெரிந்தன, ஒரு வகையில் அது உண்மையும்கூட. 1978இல் மாத்திரம் அமெரிக்காவில் விற்பனையான வேலியம் குளிசைகள் ஏறத்தாழ 230 கோடி. இல்லத்தரசிகளின் குளிசையைக் கேலிசெய்து ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 1966இலேயே பாடிவிட்டிருந்தது. பாடகர்களுக்குத் தெரிந்த சங்கதி வைத்தியர்களுக்குத் தெரியாதிருந்ததா?

தெரிந்திருக்க வழி இருந்தது. 1961இல், லிப்ரியம் வெளிவந்த மறுவருடமே, லியோ ஹொலிஸ்டரும் சகாக்களும் அதனை உயர்ந்த அளவில் எடுத்துவந்த நோயாளிகளில் 11 பேருக்கு அவர்கள் அறியாமலே திடீரென வெற்றுக் குளிசைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குப் புதிய அறிகுறிகள் தோன்றின, இருவருக்கு வலிப்பு வந்தது. (இன்று எந்த ஒழுக்கக் குழுவும் இத்தகைய பரிசோதனையை அனுமதிக்காது, அது வேறு கதை.) நியாயமாகப் பேசுவதானால், சாதாரண அளவில் எடுப்பவருக்கும் இவ்வாறு நேரும் என்பது 1980களின் தொடக்கத்திலேயே லண்டனில் மல்கம் லேடர் போன்றோரின் ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்டது. கோர்டனின் வைத்தியர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நிற்கிறார்.

எனது முரண்பாடு நூலின் பிற்பகுதியோடுதான். குளிசையை நிறுத்தியதும் கோர்டனின் உடல் பேசத் தொடங்குகிறது. தலைத்தோல் எரிகிறது, உறக்கம் அற்றுப்போகிறது, வெளியே இறங்குவதே பேரச்சமாகிறது. இப்பக்கங்கள் நூலின் மிகச் சிறந்த பக்கங்கள். ஆனால் வைத்தியசாலைக்குள் நுழைந்தபின் கதையாடல் தன் காரணத்தையே மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு வைத்தியரும் அவருடைய நிலைக்கு ஒவ்வொரு பெயர் வைக்கிறார்கள். அவரும் பெயர்களோடு மல்லுக்கட்டுகிறார். ஆயினும் தேடல் முழுவதும் உள்ளே திரும்பிவிடுகிறது. குழந்தைப் பருவம், பெற்றோர், காதல், தான் யார் என்ற கேள்வி. 'குளிசை ஒரு மூடி, மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்தது' என்பதே பிரதியின் மௌனமான வாய்பாடாகிறது.

இந்த வாய்பாட்டைத்தான் நான் ஏற்கவில்லை. இவ்வகை மருந்துகள் மூளையைச் சாந்தப்படுத்தும் 'காபா' என்ற இரசாயனத்தின் வேலையைப் பெருக்குகின்றன. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இது தொடரும்போது மூளை தன்னை அதற்கேற்பச் சரிசெய்து, சொந்தச் சாந்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. குளிசை ஒரே நாளில் இல்லாமற்போனால் தடையின்றி எஞ்சுவது கிளர்ச்சி மாத்திரம். நடுக்கம், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, தன் உடலே தன்னுடையதல்ல என்ற உணர்வு, சிலருக்கு வலிப்பு, சிலருக்குச் சித்தப்பிரமை. குளிசைக்கு முன்பு பதகளிப்பே இல்லாதவருக்கும் இவை வரலாம். ஆகவே வெளியே வந்தவற்றிற் பெரும்பகுதி உள்ளே இருந்தது அல்ல, நிறுத்திய விதம் உண்டாக்கியது. அதை ஆன்மாவின் இரகசியமாக வாசித்தது அக்கால அமெரிக்க உளச்சிகிச்சையின் பழக்கம். கோர்டன் அந்தப் பழக்கத்தின் மொழியையே கடன்வாங்கித் தன் கதையைச் சொல்கிறார். 1979இல் அவருக்கு வேறு மொழி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதனால் எல்லாவற்றையும் இரசாயனத்தில் ஏற்றிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. அவரை அடைத்து வைத்து அடித்தவன் மூளையின் ஏற்பி அல்ல, ஒரு மனிதன். வீட்டுக்குள் பெண் மீது ஆண் செலுத்தும் வன்முறை நோயின் பெயரால் எப்படி மறைந்துகொள்கிறது என்பதை இந்நூல் காட்டுமளவுக்குக் காட்டிய நோய்க்கதைகளை நான் அதிகம் வாசித்ததில்லை. உடல் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் நெருக்கிய ஒருத்தியிடம் போய், 'உன் ஆளுமையில் என்ன பிழை?' என்று கேட்டதே வைத்தியசாலை அவருக்குச் செய்த அநீதி.

1982இல் இது திரைப்படமானது. ஜில் கிளேபேர்க் நடித்தார். திரைக்கதை டேவிட் ராப், இயக்கம் மேடை நாடகத்திலிருந்து வந்த ஜாக் ஹொஃப்சிஸ். நான் படத்தைப் பார்த்த பின்னரே நூலுக்கு வந்தேன். அதனாற்தான் நூலின் அமைதி எனக்கு வியப்பளித்திருக்கலாம். படம் அலறுகிறது. கெமராவுக்கு உடைந்துபோகும் பெண்ணின் முகம் போதும், ஏன் உடைகிறாள் என்பது அவசியமில்லை. புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் கவிஞையாக ஜெரால்டின் பேஜ் வரும் காட்சிகளில் மாத்திரம் படம் மூச்சுவிடுகிறது. மற்றபடி இதற்குமேல் அதுபற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த நூலுக்கு எதிரே வைத்து வாசிக்க வேண்டிய பிரதி, விசித்திரமாக, ஒரு கைந்நூல். பிரித்தானிய மருந்தியல் பேராசிரியர் ஹெதர் அஷ்டன் 1999இல் எழுதி 2002இல் திருத்திய 'பென்சோடயசெப்பீன்கள்: அவை எவ்வாறு செயற்படுகின்றன, எவ்வாறு விலகுவது' என்பதே அது. இந்தியாவின் டெஹ்ராடூனில் பிறந்த அஷ்டன், நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இம்மருந்துகளிலிருந்து விலக விரும்பியோருக்கென்று ஒரு கிளினிக்கை நடத்தினார். அங்கு வந்த ஏறத்தாழ 300 பேரிடமிருந்து தான் கற்றதையே எழுதுவதாகச் சொல்கிறார். 2019இல் காலமானார்.

இலக்கியப் பத்திரிகையில் மருந்துக் கைந்நூலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அதன் எடுத்துரைப்புத்தான் முக்கியம். அதில் நாயகர் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. பக்கம் பக்கமாக அட்டவணைகள்: இந்த வாரம் காலையில் இவ்வளவு, இரவில் இவ்வளவு. அல்பிரசோலம், லோரசெபாம் போன்று உடலிலிருந்து விரைவாக நீங்குபவற்றை, மெதுவாக நீங்கும் டயசெபாமுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளச் சொல்கிறார். கோர்டனைச் சிதைத்த அதே வேலியம் இங்கு இறங்கி வரும் படிக்கட்டாகிறது. ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறைத்தல். முடியாவிட்டால் அதே அளவில் நின்றுகொள்ளுதல். முழுதாக இறங்க ஒரு வருடமோ அதற்கு மேலோ செல்லலாம். வேகத்தைத் தீர்மானிப்பவர் வைத்தியர் அல்ல, குளிசை எடுப்பவர். கோர்டனிடமிருந்து பறிக்கப்பட்டதும் இந்த அதிகாரம்தான்.

கதைக்குப் பிடிப்பது நிறுத்தல். குறைத்தல் கதைக்குப் பிடிப்பதில்லை. 10 மில்லிகிராம் 9 ஆவதிலும், அது இன்னும் இரண்டு கிழமையில் 8 ஆவதிலும் எந்தத் திரைக்கதையாசிரியருக்கு உச்சக்கட்டம் கிடைக்கும்? ஒரேயடியாகத் தூக்கி எறிபவரை நாமும் மனவலிமை உள்ளவர் என்று கொண்டாடுகிறோம். அந்தக் கொண்டாட்டம் ஆபத்தானது. பிரித்தானியாவில் 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்ற அறிவுறுத்தல் 1988இலேயே வந்துவிட்டது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ தங்கியிருத்தல் பற்றியும், திடீர் நிறுத்தத்தின் உயிராபத்துப் பற்றியும் மருந்துச் சுற்றின் கறுப்புப் பெட்டிக்குள் எச்சரிக்கை அச்சிடப் பணித்தது 2020இல்தான். கோர்டனின் நூல் வந்து 41 வருடங்களின் பின்பு.

அஷ்டனின் கைந்நூலிலும் குறை உண்டு. அதில் மனிதர்கள் அறிகுறிகளாகவே நடமாடுகிறார்கள். அந்த வருடம் முழுவதும் சமையலறையில் என்ன நடந்தது, வேலைத்தலத்தில் என்ன பொய் சொல்லப்பட்டது, வீட்டில் யார் பொறுமை இழந்தார்கள் என்பதற்கு அட்டவணையில் இடமில்லை. அதை எழுதக் கோர்டனைப் போன்ற ஒருவர்தான் வேண்டும். ஆனால் மெதுவாக இறங்கிய ஒரு கோர்டன்.

கைந்நூலில் ஒரு பகுதி அந்த எழுதப்படாத கதைக்கு மிக அருகில் வருகிறது. கடைசி ஒரு மில்லிகிராமைக் கைவிடத்தான் பலர் மிகவும் அஞ்சுகிறார்கள் என்கிறார் அஷ்டன். அந்த அளவுக்கு உடலில் பெரிய வேலை எதுவுமில்லை, விட்டபின் அது எவ்வளவு இலகுவாக இருந்தது என்று அவர்களே வியக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அஞ்சுவதற்கும் வியப்பதற்கும் இடையில், பாதியாக உடைத்த குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எத்தனை இரவுகள் விழித்திருந்தார் என்பதை அவர் எழுதவில்லை.